வேலையை விட்டுவிட்டு கிளவுட் படிக்கலாமா?

வாசகி ஒருவரிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 36. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் 11 ஆண்டுகளாக மேனுவல் டெஸ்டிங் (மென்பொருளைக் கையால் இயக்கிப் பிழை தேடும் வேலை) செய்கிறார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக சோதனையைத் தானியங்கியாக்கும் ஆட்டோமேஷன், மென்பொருளை வெளியிட்டு ஓடவைக்கும் டெவ்ஆப்ஸ் என்று நகர்ந்துவிட, தான் மட்டும் அதே இருக்கையில் இருக்கிறோமே என்ற வருத்தம். இரண்டு ஆண்டுகளாக, பிள்ளை தூங்கிய பிறகு, இரவில் இணையவழிப் பாடங்கள் படிக்கிறார். சேர்ந்தது 14 பாடங்கள், முடித்தது மூன்று. "வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. அதை மூடிவிட்டு டெர்மினலை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) திறந்தால் கை ஓடவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமம் தரும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் பங்களித்தால் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, ஒரு மென்பொருள் திட்டத்தின் ரீட்மீ எனப்படும் அறிமுகக் கோப்பில் இரண்டு சொற்களை மாற்றி புல் ரிக்வெஸ்ட், அதாவது மாற்றத்தை ஏற்கக் கோரும் விண்ணப்பம், அனுப்பியிருக்கிறார். ஒரே வரியில் மறுத்து மூடிவிட்டார்கள். அதன்பின் அந்தத் திட்டம் இருக்கும் கிட்ஹப் தளத்தின் பக்கமே போகவில்லை. கிளவுடில், அதாவது இணையம் வழியாகக் கணினியை வாடகைக்கு எடுக்கும் சேவையில், பயிற்சிக்காகத் திறந்த கணக்கில், சர்வரை நிறுத்திய பிறகும் பில் வந்திருக்கிறது. பயந்துபோய் கார்டை முடக்கிவிட்டார். இப்போது ஒரு பயிற்சி நிறுவனம் ஒன்பது மாத முழுநேரப் படிப்புக்கு அழைக்கிறது. முடித்தால் வேலை உறுதியாம். கட்டணத்துக்குக் கடனையும் அவர்களே ஏற்பாடு செய்கிறார்களாம். வேலையை விட்டுவிட்டுச் சேரலாமா? கணவர் வேண்டாம் என்கிறார். ஓய்வு நேரத்தில் எழுதும் நிரல் நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடுமா? கடைசியில் ஒரு வரி: "ஒருவேளை எனக்கு கோடிங் மூளையே இல்லையோ?"

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற கேள்விகள் எல்லாம் அந்தப் பயத்திலிருந்துதான் கிளம்பியிருக்கின்றன.

பில் வந்த கதையை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எந்த நாள் சர்வரை உருவாக்கினீர்கள், எந்த நாள் நிறுத்தினீர்கள், நிறுத்திய பிறகு திரையில் என்ன நிலை காட்டியது, எத்தனை நாள் கழித்து பில் வந்தது, இடையில் எதையெல்லாம் தொடவில்லை. எல்லாம் வரிசையாக இருக்கிறது. பதற்றத்தில் எழுதிய கடிதத்திலும் உங்கள் கை தானாக ஒரு நல்ல பக் ரிப்போர்ட்டை (பிழை அறிக்கையை) எழுதியிருக்கிறது. 11 ஆண்டு அனுபவம் என்பது இதுதான். அதை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

2024 மார்ச்சில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எக்ஸ்இசட் என்று ஒரு சிறிய கருவி உண்டு. கோப்புகளைச் சுருக்குவதற்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் பரவலாகப் பயன்படுவது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நல்லபிள்ளையாகப் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் அனுமதியில்லாமல் உள்ளே நுழைய வழிவிடும் ரகசியப் பின்கதவு ஒன்றை வைத்துவிட்டார். அது எல்லா சர்வர்களுக்கும் பரவியிருந்தால் விளைவு பயங்கரமாக இருந்திருக்கும். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர், பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் கிடையாது. வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, சர்வருக்குள் எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு முறை வழியாக நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைப் பார்த்தார். "இது ஏன்?" என்று விடாமல் துருவிக்கொண்டே போய்ப் பின்கதவை வெளியே இழுத்துப் போட்டார். துருவிப் பார்க்க அவருக்கு ஆழ்ந்த நிரல் அறிவு தேவைப்பட்டது, உண்மைதான். ஆனால் அந்த அரை விநாடி முதலில் கண்ணில் பட வேண்டுமே. அந்தக் கண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சேர்க்க வேண்டியது நிரலும் லினக்ஸும். அவை படித்து வரக்கூடியவை.

பாடம் ஏன் கையில் நிற்கவில்லை

14 பாடங்களில் மூன்றுதான் முடித்தேன் என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் 2012 முதல் 2018 வரை நடத்திய இணையவழிப் பாடங்களை அலசி 2019 இல் ஓர் ஆய்வு வெளியானது. பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பாடத்துக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை என்றது அது. வேலை, வீடு, குழந்தை எல்லாவற்றுக்கும் இடையில் மூன்றை முடித்திருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வீடியோவில் ஆசிரியரின் கணினியில் எல்லாம் ஏற்கெனவே சரியாக நிறுவப்பட்டிருக்கும். அவருக்கு வந்த பிழைகளை வெட்டி எடுத்திருப்பார்கள். நீங்கள் பார்ப்பது, ஒரு தவறும் நடக்காத பயணம். ஆனால் இந்தத் தொழிலில் சம்பளம் தருவதே தவறு நடந்த பிறகு என்ன செய்வது என்பதற்குத்தான்.

ஓர் உதாரணம். டாக்கர் என்ற கருவியில் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வரை ஒரு கண்டெய்னராக (தனிப் பெட்டிக்குள் ஓடும் நிரலாக) ஓட்டி, பிரவுசரில் 8080 என்ற எண்ணுள்ள போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, திறந்து வரவேற்புப் பக்கம் தெரிகிறதா என்று பார்ப்பது அநேகமாக எல்லாப் பாடங்களிலும் வரும். தெரிந்ததும் அடுத்த வீடியோவுக்கு ஓடாதீர்கள். அதே போர்ட்டில் இரண்டாவது கண்டெய்னரை ஓட்டிப் பாருங்கள். மறுக்கும். என்ன வார்த்தை சொல்லி மறுக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். அப்புறம் முதல் கண்டெய்னருக்குள் போய் அந்த வரவேற்புப் பக்கத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள். கண்டெய்னரை அழித்துவிட்டுப் புதிதாக ஓட்டுங்கள். உங்கள் பெயர் எங்கே போயிற்று? கண்டெய்னருக்கு வெளியே தரவைச் சேமிக்கும் வால்யூம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்பது அந்த நிமிடத்தில் புரியும், பிறகு மறக்காது. உடைத்துப் பார்ப்பதுதானே உங்கள் தொழில். அதையே படிப்பிலும் செய்யுங்கள்.

நடந்ததை ஒரு நோட்டில், ஒரு பிழைக்கு நான்கு வரி என்று எழுதிவையுங்கள். இன்டர்வியூவில் "சமீபத்தில் எதைச் சரிசெய்தீர்கள்?" என்று கேட்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

வரிசையும் முக்கியம். நீங்கள், பல கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் தொடங்கியிருக்கிறீர்கள். அது கடைசியில் வர வேண்டியது. முதலில் லினக்ஸ் கமாண்ட் லைன். இதற்கு லினக்ஸ் ஃபவுண்டேஷனின் அறிமுகப் பாடம் இலவசமாகவே இருக்கிறது. கூடவே, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட். பிறகு நெட்வொர்க் அடிப்படைகள்: டிஎன்எஸ், போர்ட், எச்டிடிபி. பைத்தானில் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்கள். அதற்குப் பிறகு டாக்கர், அதன்பின் ஏதாவது ஒரே ஒரு கிளவுட். மூன்று கிளவுட்டையும் ஒரே நேரத்தில் தொட வேண்டாம். அடிப்படைக் கருத்துகள் பெரும்பாலும் பொதுவானவை, பெயர்கள்தான் மாறும். குபர்னெட்டீஸ் வரும்போதும் மினிகியூப் அல்லது கைண்ட் என்ற கருவியை வைத்து உங்கள் லேப்டாப்பிலேயே பழகலாம், பில் வராது. மற்ற 11 பாடங்களை மூடிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஆறு மாதத்தில் 130 மணி நேரம். ஒழுங்காகச் செலவழித்தால் அது நிறைய நேரம்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடம் முடித்ததற்குத் தரும் சான்றிதழும் தேர்வு எழுதி வாங்கும் சான்றிதழும் வேறு வேறு. தேர்வுகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வு 90 நிமிடத்தில் 65 கேள்விகள், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. சிகேஏ எனப்படும் குபர்னெட்டீஸ் தேர்வில் இரண்டு மணி நேரம் டெர்மினலில் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் (கணினிக் கூட்டத்தில்) தரும் பணிகளைச் செய்து, கோளாறுகளையும் சரிசெய்ய வேண்டும். அதுவும் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். முன்னது ரெஸ்யூமே வடிகட்டலைத் தாண்ட உதவலாம். உங்களைப் போன்றவர் குறிவைக்க வேண்டியது பின்னது, ஆனால் இப்போது அல்ல.

மூடப்பட்ட புல் ரிக்வெஸ்ட்

அது உங்களை அவமதித்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னணி ஒன்று இருக்கிறது. அக்டோபர் மாதத்தில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்று ஒரு நிகழ்வு. குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் அப்போது டி-ஷர்ட் கிடைத்துவந்தது. 2020 இல் அந்த டி-ஷர்ட்டுக்காக உலகம் முழுவதிலிருந்தும் பலர் ரீட்மீ கோப்புகளில் ஒரு சொல்லைச் சேர்ப்பதும் மாற்றுவதுமாக அனுப்பிக் குவித்துவிட்டார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும்தான் இனி அனுப்பலாம் என்று ஏற்பாட்டாளர்கள் சில நாள்களிலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது. இந்தத் திட்டங்களைப் பராமரிப்பவர்களில் பலர் சம்பளம் இல்லாமல், உங்களைப் போலவே பிள்ளை தூங்கிய பிறகு, உட்கார்ந்து வேலை செய்பவர்கள். ரீட்மீயில் இரண்டு சொல் மாற்றம் என்றதும் அவர்களுக்குச் சலிப்பு வந்திருக்கும். இன்னும் கனிவாகச் சொல்லியிருக்கலாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான்.

உங்களுடைய தவறான அனுமானம் ஒன்றே ஒன்று. பங்களிப்பு என்றால் நிரல் எழுதி அனுப்புவது என்று நினைத்துவிட்டீர்கள். நல்ல பக் ரிப்போர்ட் பெரிய பங்களிப்பு. எந்தத் திட்டத்தின் இஷ்யூ பட்டியலையும் (புகார்கள் பதியும் இடம்) திறந்து பாருங்கள். "வேலை செய்யவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனவர்கள் ஏராளம். அதில் ஒன்றை எடுத்து, உங்கள் கணினியில் அதே பிழையை வரவழைத்து, எந்தப் பதிப்பில் வருகிறது, எதில் வரவில்லை, எந்தப் படியில் உடைகிறது என்று எழுதுங்கள். பராமரிப்பவருக்கு அது ஒரு மாலை நேரத்தையே மிச்சப்படுத்தும். நிறுவும் முறையை ஆவணத்தில் உள்ளபடியே செய்து பார்த்து, தடுக்கிய இடத்தைச் சொல்வதும் அப்படித்தான். நாலு முறை இதைச் செய்தீர்கள் என்றால் அந்தத் திட்டத்தின் உள்வீடு பழகிவிடும். ஐந்தாவது முறை திருத்தத்தை நீங்களே எழுதத் தோன்றும். அதுவரை அவசரப்பட வேண்டாம்.

ஆங்கிலம் சரளமில்லை என்று எழுதியிருந்தீர்கள். என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். பிழைச் செய்தியை அப்படியே எடுத்து ஒட்டுங்கள். அலங்காரம் யாரும் கேட்பதில்லை.

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, நீங்கள் தினமும் தொடும் கருவி எதுவோ அதையே எடுங்கள். கடைசி கமிட் (நிரலில் பதிவு செய்த மாற்றம்) எப்போது நடந்தது, புதிதாக வந்தவர்களுக்கு எந்தத் தொனியில் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பங்களிப்பு விதிகள் என்று தனிக் கோப்பு இருந்தால் முழுக்கப் படியுங்கள். வழிகாட்டியோடு, உதவித்தொகையோடு பங்களிக்கும் திட்டங்களும் உண்டு. 2005 இல் தொடங்கிய கூகுள் சம்மர் ஆஃப் கோட் முன்பு மாணவர்களுக்கு மட்டும் இருந்தது. 2022 முதல் 18 வயது நிறைந்த, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர்கள் எல்லாரும் விண்ணப்பிக்கலாம். அடுத்த ஆண்டுக்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரல் யாருக்குச் சொந்தம்

இதைக் கேட்டது நல்லதாயிற்று. பலர் கேட்பதில்லை. ஓய்வு நேரத்தில் எழுதியது என்பதாலேயே அது உங்களுடையது ஆகிவிடாது. உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்து, அறிவுசார் சொத்துரிமை பற்றிய பத்தியைத் தேடுங்கள். சில ஒப்பந்தங்கள் வேலை தொடர்பான ஆக்கங்களை மட்டும் கோரும். சில, பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்கும் எதையும் கோரும் அளவுக்கு அகலமாக எழுதப்பட்டிருக்கும். அப்படி எழுதியது எந்த அளவுக்குச் செல்லும் என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. எங்கிருந்தாலும் செய்ய வேண்டியது: மனிதவளத் துறைக்கு எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். "ஓய்வு நேரத்தில், என் சொந்தக் கணினியில், இன்ன திட்டத்துக்குப் பங்களிக்க விரும்புகிறேன், ஆட்சேபம் உண்டா?" இவ்வளவு போதும்.

அலுவலக லேப்டாப்பைத் தொடாதீர்கள். இன்னொன்றும் கவனியுங்கள். கிட்டில் கமிட் செய்யும்போது உங்கள் மின்னஞ்சல் முகவரி அதோடு பதிந்துவிடும். அது அலுவலக முகவரியாக இருக்கிறதா என்று அமைப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில திட்டங்கள் ஒவ்வொரு கமிட்டிலும் கையொப்ப வரி கேட்கும். "இதை அளிக்க எனக்கு உரிமை உண்டு" என்ற உறுதிமொழி அது. உரிமை இருக்கிறதா என்று தெரியாமலே போடக் கூடாது.

எதிர்த்திசையிலும் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் நிரல் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. உரிமம் எதுவும் குறிப்பிடாத நிரலை எடுத்துப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இல்லை என்றுதான் பொருள். உரிமம் மாறுவதும் உண்டு. கிளவுட் வளங்களை நிரலால் அமைக்க உதவும் டெராஃபார்ம் 2023 ஆகஸ்டில் தன் உரிமத்தை மாற்றியது. பழைய உரிமத்தின் கீழ் இருந்த நிரலிலிருந்து பிரிந்து வந்ததுதான் ஓப்பன்டோஃபு.

அந்த பில்

சர்வரை நிறுத்துவதும் அழிப்பதும் ஒன்றல்ல. நிறுத்தினால் சர்வர் ஓடும் நேரத்துக்கான கட்டணம்தான் நிற்கும். அதோடு ஒட்டியிருக்கும் டிஸ்க், எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் நகல்), ஒதுக்கி வைத்த ஐபி முகவரி ஆகியவற்றுக்கான கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொன்ன தேதிகளை வைத்துப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கார்டை முடக்கியதால் கணக்கு முடிந்துவிடாது, பாக்கி ஏறிக்கொண்டே போகலாம். இன்றே உள்ளே போய், பில் பக்கத்தில் எந்தச் சேவை, எந்தப் பிராந்தியம் என்று பார்த்து ஒவ்வொன்றையும் அழியுங்கள். பிறகு வாடிக்கையாளர் உதவிக்கு நடந்ததை அப்படியே எழுதுங்கள். கற்றுக்கொள்ளும்போது நேர்ந்த முதல் தவறு என்றால் தள்ளுபடி செய்வதும் உண்டு. உரிமையாகக் கோர முடியாது, கேட்டுப் பார்க்கலாம். அடுத்த முறை கணக்கு திறந்ததும் இரட்டை அடையாளச் சரிபார்ப்பைப் போடுங்கள், பட்ஜெட் எச்சரிக்கையும் வையுங்கள். அந்த எச்சரிக்கை தகவல் மட்டும்தான் சொல்லும். சேவையைத் தானாக நிறுத்தாது, சில மணி நேரம் தாமதமாகவும் வரும்.

கிளவுட் கணக்குக்குள் நுழைய உதவும் ரகசியச் சாவியை நிரலுக்குள் எழுதி கிட்ஹப்பில் போட்டுவிடாதீர்கள். அப்படிப்பட்ட சாவிகளைத் தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் உண்டு. தவறிப் போட்டுவிட்டால், அடுத்த கமிட்டில் நீக்குவது பயன்படாது, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதலில் சாவியைச் செல்லாததாக்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.

ஒன்பது மாதப் படிப்பு

இப்போது சேராதீர்கள் என்பதே என் பதில். படிப்பு தரமானதா இல்லையா என்பதைக்கூட நான் இங்கே எடுக்கவில்லை. சம்பளத்தை நிறுத்திவிட்டு, கடனையும் தலையில் ஏற்றிக்கொண்டு, இதுவரை பலன் தராத அதே முறையில் இன்னும் அதிக நேரம் படிப்பது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

"வேலை உறுதி" என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று படியுங்கள். எந்தப் பணி, என்ன சம்பளம், எத்தனை மாதத்துக்குள்? பணம் திரும்பக் கிடைக்க என்னென்ன நிபந்தனை? இத்தனை சதவீத வருகை, வாரம் இத்தனை விண்ணப்பம், எந்த ஊருக்கும் போகத் தயார் என்றெல்லாம் இருக்கும். ஒன்று தவறினாலும் உறுதி போய்விடும். கடன் ஒப்பந்தம் கடன் தருபவரோடு தனியாகப் போடுவது. படிப்பு பாதியில் நின்றாலும், நிறுவனமே மூடிவிட்டாலும், தவணை உங்களைத் தேடி வரக்கூடும். "இன்றைக்குள் கையெழுத்துப் போட்டால் சலுகை" என்றால் அன்று போடவே போடாதீர்கள். முன்பு படித்தவர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள், அவர்கள் காட்டுபவர்களிடம் அல்ல, நீங்களாகத் தேடிப் பிடித்தவர்களிடம்.

இதற்கு மாற்று உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. டெவ்ஆப்ஸுக்குப் போன உங்கள் பழைய தோழி ஒருவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவரிடம் போய், அடுத்த ரிலீஸ் நடக்கும்போது கூட உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நிரலைச் சோதித்து வெளியிடும் பைப்லைனில் டெஸ்ட் ஓடும் பகுதி ஒன்று கட்டாயம் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் அவர்களுக்கும் நிம்மதி. டெஸ்டிங்கிலிருந்து டெவ்ஆப்ஸுக்குப் பலர் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். அதற்கு 36 வயது தடை இல்லை. உள்ளே இடம் இல்லை என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து, கையில் சேமிப்பும் அந்த நோட்டும் இருக்கும்போது, வெளியே போவதைப் பற்றி மறுபடி பேசுவோம்.

கணவர் வேண்டாம் என்பதை, உங்கள் திறமையில் நம்பிக்கை இல்லாமல் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். கடனைப் பார்த்துப் பயப்படுகிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. கடன் இல்லாத ஆறு மாதத் திட்டத்தை அவர் முன் வையுங்கள். கூடவே, இரவு அந்த ஒரு மணி நேரம் வீட்டுப் பொறுப்பு அவருடையது என்றும் பேசி முடிவு செய்யுங்கள். களைத்துப்போய் பத்து மணிக்கு மேல் படிப்பதைவிட எட்டு மணிக்குப் படித்தால் நன்றாக ஏறும்.

இந்த வாரம் கிளவுட் கணக்கைச் சுத்தம் செய்யுங்கள், மனிதவளத் துறைக்குக் கடிதம் அனுப்புங்கள். அவர்கள் பதில் வந்ததும், நீங்கள் பயன்படுத்தும் ஏதாவதொரு ஓப்பன் சோர்ஸ் கருவியின் இஷ்யூ பட்டியலைத் திறந்து, "வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரியில் கிடக்கும் ஒரு புகாரை எடுத்து உங்கள் கணினியில் சோதித்து எழுதுங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள், படித்துப் பார்க்கக் காத்திருக்கிறேன்.